ஆளில்லாத மலை: நீர்வண்ணத்தில் ஏகாந்தத்தை வரையும் முறை

மலைக்காட்சி வரையப் பழகுகிறவர்களிடம் படத்தில் தனிமை தெரிய வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலோர் பாறை விளிம்பில் ஒரு சிறிய மனித உருவத்தை நிறுத்திவிடுகிறார்கள். சம்மணமிட்ட துறவியாகவோ முதுகைக் காட்டி நிற்கும் பயணியாகவோ அந்த உருவம் இருக்கும். அந்த மனிதர் தனித்திருக்கிறார் என்பதைப் படத்தைப் பார்க்கிறவர் புரிந்துகொள்கிறார். ஆனால், தாமே தனித்திருப்பதாக உணர்வதில்லை. ஆன்மிகத் தனிமை என்று நாம் சொல்லும் அமைதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பார்க்கிறவரை எந்த இடத்தில் நிற்கவைக்கிறோம், அவருடைய கண்முன் இருந்து எவற்றை அகற்றுகிறோம் என்ற இரண்டு முடிவுகளே அதை வரவழைக்கின்றன. சிங்கப்பூரில் இருந்துகொண்டு நீர்வண்ணத்தில் மலை வரைய விரும்புகிறவர்கள் இவ்விரண்டையும் எவ்வாறு செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். தாளில் ஒரு சீரான பூச்சு இடும் அளவுக்காவது பயிற்சி இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

அகற்றியவர்களிடம் கற்பது

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் (1774–1840), 1818ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய ஒரு படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். மூடுபனிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாறையில் ஒரு பயணி முதுகைக் காட்டி நிற்பார். அந்தப் படம் இப்போது ஹாம்பர்க் நகரில் உள்ளது. புகழ்பெற்ற அந்தப் படத்தைவிட, 1808க்கும் 1810க்கும் இடையில் அவர் வரைந்த கடற்கரைத் துறவியின் படமே பழகுகிறவருக்கு நல்ல ஆசான் என்று கருதுகிறேன். பயணி படத்தின் நடுவில் நின்று காட்சியை மறைக்கிறார். நாம் அவரைத்தான் பார்க்கிறோம். துறவியோ ஏறக்குறைய 110 செ.மீ. உயரமும் 171 செ.மீ. அகலமும் உள்ள ஓவியத் துணித்திரையின் அடிப்பகுதியில் மிகச் சிறியவராக நிற்கிறார். மேலே இருப்பதெல்லாம் வானம். அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அந்தத் திரையை ஆராய்ந்தபோது, ஃப்ரீட்ரிக் முதலில் கடலில் கப்பல்களை வரைந்திருந்ததும், பிறகு அவற்றை வண்ணத்தால் மூடிவிட்டதும் தெரியவந்தன. கப்பல் இருந்திருந்தால் கண் அதை நோக்கிப் போயிருக்கும், தொலைவை அளக்க ஒரு பொருள் கிடைத்திருக்கும், யாரோ வருகிறார்கள் அல்லது போகிறார்கள் என்ற கதையும் தொடங்கியிருக்கும். இவை மூன்றும் தனிமையைக் கலைப்பவை.

சீன ஓவியர் நி ஸான் (1301–1374) இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய மலைக்காட்சிகளில் முன்புறத்தில் சில மெலிந்த மரங்கள், பெரும்பாலும் ஆளில்லாத ஒரு குடில், நடுவில் நீர்ப்பரப்பு, அதற்கப்பால் தாழ்ந்த மலைகள் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. நீர் இருக்கும் இடத்தில் தூரிகை படவே இல்லை. தாளே நீராக நிற்கிறது. குடில் இருந்தும் உள்ளே யாரும் இல்லாததால், அது பார்க்கிறவருக்கென்று காலியாக வைக்கப்பட்ட இடமாகிவிடுகிறது.

நிக்கலஸ் ரோரிக் (1874–1947) மூன்றாமவர். ரஷ்யாவில் பிறந்த இவர், 1928 முதல் இமயமலையின் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து, பசையில் குழைத்த டெம்பரா வண்ணத்தில் ஏராளமான மலைகளைத் தீட்டினார். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் இவருடைய படங்கள் உள்ளன. தமிழகத்துக்குப் போகும்போது கேரளப் பக்கமும் எட்டிப் பார்க்கிற சிங்கப்பூர்த் தமிழர்கள் அங்கே ஒரு முற்பகலைச் செலவிடலாம். அச்சுப் பிரதிகளில் மினுங்கும் நீலமும் ஊதாவும் நேரில் மினுக்கமே இல்லாத பரப்புகளாக இருப்பதைக் கவனியுங்கள். நீர்வண்ணத்திலும் அந்த மங்கலைத்தான் நாம் தேட வேண்டும்.

மலையில்லாத ஊரில் மலையைப் பழகுவது

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கை மேடான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். அதன் உச்சியில் நின்றாலும் சுற்றிலும் மரங்களே தெரியும். இருந்தாலும், மலை ஓவியத்தில் பாதி, மலைக்கும் நமக்கும் இடையில் உள்ள காற்றைப் பற்றியது. அது இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் நின்று, பெருமழை நெருங்கி வரும்போதோ, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் புகைமூட்டம் சூழ்ந்த நாளிலோ, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் புளோக்குகளைப் பாருங்கள். (புகை கடுமையாக இருந்தால் சன்னலை மூடிவிட்டு உள்ளே இருந்தே பார்க்கலாம், நுரையீரலைப் பணயம் வைத்துப் பழகவேண்டிய கலை இல்லை இது.) அருகில் உள்ள புளோக்கில் சன்னல்களை எண்ணிவிடலாம். அதற்கடுத்ததில் தளங்களின் கோடுகள் மட்டும் தெரியும். அதற்கும் பின்னால் இருப்பது விளிம்பு மட்டுமே கொண்ட சாம்பல் நிறப் பரப்பு. கண்களைப் பாதி மூடிக்கொண்டு, இந்த வரிசைகளைப் பென்சிலால் ஐந்து அடர்த்திகளில் மட்டும் நிரப்பிப் பாருங்கள். வெள்ளைத் தாள் முதல் அடர்த்தி, பென்சில் தரக்கூடிய ஆகக் கருமை ஐந்தாவது. இந்தப் பயிற்சியைச் செய்தவருக்கு மலைத்தொடர் வரைவது புதிதாக இராது, ஏனெனில் மாறுவது விளிம்பின் வடிவம் மட்டுமே.

தொலைவில் உள்ள மலை நீலமாகத் தெரியும் என்ற பாடத்தை இங்கே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், நமக்கும் கருமையான மலைச்சரிவுக்கும் இடையில் நீல ஒளி வந்து சேர்கிறது. உலர்ந்த, தெளிந்த காற்றுக்கு இது பொருந்தும். நீர்த்திவலைகளும் புகைத்துகள்களும் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கின்றன. அதனால், ஈரம் மிகுந்த நம் வட்டார மலைகள் தொலைவில் நீலமாவதைவிட வெளிறிப் பால் கலந்த சாம்பலாகின்றன. கேமரன் மலையையோ குனோங் லேடாங்கையோ இமயமலையின் நீலத்தில் தீட்டினால் படம் பொய்யாகத் தோன்றுவது இதனால்தான். எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு: தொலைவில் இருக்கும் வெண்பனியும் வெண்மேகமும் வரும் வழியில் நீலத்தை இழப்பதால் சற்று மஞ்சள் ஏறித் தெரியும்.

நேரில் மலை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், படம் எடுப்பதற்கு முன்னால் கோட்டோவியம் ஒன்றை முடித்துவிடுங்கள். ஜோகூரில் உள்ள 1,276 மீட்டர் உயரமான குனோங் லேடாங் வார இறுதிப் பயணத்துக்குள் அடங்கும். சாபாவின் கினபாலு (4,095 மீட்டர்) விடியற்காலையில் துலக்கமாகத் தெரிந்து, முற்பகலுக்குள் மேகத்தில் மறைந்துவிடுவது வழக்கம். ஆகவே, அங்கே கையில் இருப்பது சிறிது நேரமே. முகட்டுக் கோடு, மூன்று அடர்த்திகள், ஒளி வரும் திசை, காற்றில் இருந்த ஈரத்தைப் பற்றி ஒரு வரி ஆகியவை போதும். கைபேசியின் வழக்கமான வில்லை அகலக் கோணம் கொண்டது. அது முன்னால் உள்ள புல்லைப் பெரிதாக்கி, மலையைத் தொலைவில் தள்ளிச் சிறிதாக்கிவிடும். இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கி எடுத்த படம் கண் கண்டதற்கு நெருங்கி வரும்.

அதேவேளையில், நினைவில் இருந்து வரையும் கை மலையைச் செங்குத்தாக்கிவிடுகிறது. தளர்ந்த கற்கள் உருண்டுவிடாமல் தங்கும் சரிவின் கோணம் ஏறக்குறைய 35 பாகைதான். உறுதியான பாறைமுகங்களை விட்டுவிட்டால், பெரும்பாலான மலைகளின் பக்கக்கோடு அதைத் தாண்டுவதில்லை. கூம்பு கூம்பாக நிற்கும் முகடுகள் பரபரப்பைத் தரும். தாழ்ந்து நீண்டு செல்லும் கோடுதான் அமைதியைத் தரும்.

பார்க்கிறவர் நிற்கும் இடம்

பதினோராம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி, மலையைப் பார்ப்பதற்கு மூன்று தொலைவுகளைச் சொன்னார். அடிவாரத்தில் இருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயரத் தொலைவு. முன்னால் உள்ள மலையின் ஊடாகப் பின்னால் உள்ளவற்றை எட்டிப் பார்ப்பது ஆழத் தொலைவு. அருகில் உள்ள மேட்டில் இருந்து எதிரே விரியும் மலைகளைப் பார்ப்பது சமத் தொலைவு. தைப்பேயின் தேசிய அரண்மனை அரும்பொருளகத்தில் உள்ள, 1072இல் அவர் வரைந்த இளவேனிற்கால மலைக்காட்சியில் மூன்றையும் ஒரே படத்தில் காணலாம். நாம் அவ்வளவு துணிய வேண்டாம். பென்சிலைத் தாளில் வைப்பதற்கு முன்னால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நமக்கு வேலை.

உயரத் தொலைவு பணிவைத் தருகிறது. கிரிவலப் பாதையில் நின்று அருணாசலத்தை அண்ணாந்து பார்க்கிறவருக்கு நேர்வது இதுதான்: மலை மூர்த்தியாகிறது, பார்க்கிறவர் அடியாராகிறார். அது பக்தியின் கோணம். அங்கே மலையும் மனிதருமாக இருவர் இருப்பதால், தனிமைக்கு இடம் குறைவு என்பது என் கணிப்பு. இரமண மகரிஷி 1899 முதல் விரூபாட்சி குகையிலும் பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் அதே மலையில் வாழ்ந்தார். கந்தாசிரமத்துப் பக்கம் இருந்து பார்த்தால் ஊரும் அண்ணாமலையார் கோயில் கோபுரங்களும் கீழே சிறிதாகத் தெரியும். மலையைப் பார்க்கிறவர் இப்போது மலையில் இருந்து பார்க்கிறவராகிவிட்டார். ஏகாந்தத்தை வரைய விரும்புகிறவர் இந்த இரண்டாவது இடத்தில் இருந்து தொடங்கலாம். கண்மட்டக் கோட்டைத் தாளின் மேற்பாதிக்கு உயர்த்துங்கள். அப்பால் உள்ள முகடுகள் அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பள்ளத்தாக்கு கீழே விரியட்டும்.

நம் திணை மரபில் மலைக்கு உரிய ஒழுக்கம் புணர்தல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குறிஞ்சி காதலர்கள் சந்திக்கும் நிலம். ஏங்கித் தனித்திருப்பதற்கு முன்னோர் ஒதுக்கியது நெய்தல் நிலம். ஆகவே, மலை என்றாலே தனிமை என்பது நமக்குத் தானாக வருவதில்லை, ஓவியர் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஆயினும், குறிஞ்சிக்கு அவர்கள் வகுத்த பொழுதுகளான யாமமும் கூதிரும் முன்பனியும் நமக்குப் பெரிதும் உதவும். நள்ளிரவிலும் குளிர்ந்த ஈரக் காற்றிலும் நிறங்கள் அடங்கி, அடர்த்திகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஐந்து அடர்த்திகளில் நடுவில் உள்ள மூன்றை மட்டும் கொண்டு ஒரு மலைத்தொடரைத் தீட்டிப் பார்த்தால், மாலைச் சூரியனின் செம்மஞ்சளில் கிடைக்காத அடக்கம் அதில் இருக்கும். அந்தச் செம்மஞ்சள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. டச்சுக்காரர் காலத்து இந்தோனேசியாவில் எரிமலை, வயல், தென்னை என்று சுற்றுலாப் பயணிகளுக்காக வரையப்பட்ட அழகுப் படங்களை அந்நாட்டு ஓவியர் சுட்ஜோயோனோ கடுமையாகச் சாடினார். அவர் சாடிய இனிப்பு இன்றும் மலை ஓவியத்தில் எளிதாகப் புகுந்துவிடுகிறது.

தாளின் அடிப்பகுதியில் பார்க்கிறவருக்குக் கால் பதிக்கச் சிறிது நிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் வானூர்தியின் சன்னல் ஓரத்தில் இருப்பதாக உணர்வார். தாளின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு போதும். ஒரு பாறையோ புல்மேடோ இருக்கலாம். அதில் பாதை, கைப்பிடிக் கம்பி, வேலி, இருக்கை எதுவும் வேண்டாம், ஏனெனில் இவையெல்லாம் பிறர் வந்துபோனதைச் சொல்பவை. பாதை இல்லாமல் முடியாது என்று தோன்றினால், அது நடுவிலேயே புல்லில் மறைந்துவிடட்டும்.

தாளில் இறங்குவது

பிராஸ் பாசா வளாகத்தின் கலைப்பொருள் கடைகளில் தேவையான எல்லாம் கிடைக்கும். தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, முழுக்கப் பருத்தியால் ஆன, நடுத்தரச் சொரசொரப்புள்ள தாளை வாங்குங்கள். மரக்கூழ்த் தாளில் ஈரம் சீராகத் தங்காது. மூடுபனி திட்டுத் திட்டாகிவிடும். ஒரு அங்குல அகலமுள்ள தட்டைத் தூரிகை ஒன்று, எட்டாம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று. வண்ணங்கள் மூன்று: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு, மஞ்சள் ஓக்கர். நீலமும் பழுப்பும் ஒன்றையொன்று தணித்து, வெதுவெதுப்பான சாம்பலில் இருந்து குளிர்ந்த சாம்பல்வரை எல்லாவற்றையும் தரும். அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து சிறுமணிகளாகத் தெரிவதால், ஈரக் காற்றின் தன்மை தானாகவே வந்துவிடும். கடைக்காரர் காட்டும் ஆயத்த மலை வண்ணங்கள் தேவையில்லை.

முதலில் பெயரட்டை அளவில் மூன்று அடர்த்திகளில் ஒரு சிறுபடம் வரைந்து, அதைக் கையெட்டும் தொலைவில் வைத்துப் பாருங்கள். அந்த அளவில் அமைதி இல்லாவிட்டால் பெரிய தாளிலும் இருக்காது. பிறகு தாளைப் பலகையில் ஒட்டி, பலகையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். முழுத்தாளுக்கும் மிக மெல்லிய ஓக்கர் பூச்சு ஒன்றைக் கொடுத்து, முற்றிலும் உலர விடுங்கள். தாளின் வெண்மை ஒரு படி தணிந்துவிடும், அவ்வளவுதான்.

இனி வருவதே படத்தின் உயிர்நாடி. தொலைவில் உள்ள முகட்டில் இருந்து தொடங்குங்கள். முகடு வரவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, அடிவாரம் இருக்கும் பகுதியைத் தூய நீரால் ஈரமாக்குங்கள்; முகட்டுக் கோடு விழும் இடம் உலர்ந்தே இருக்க வேண்டும். வெளிறிய சாம்பலைத் தூரிகையில் எடுத்து முகட்டுக் கோட்டை உலர்ந்த தாளில் இழுத்து, வண்ணத்தைக் கீழே ஈரத்துக்குள் இறக்கிவிடுங்கள். மேல்விளிம்பு துல்லியமாக நிற்கும், அடிவாரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்துவிடும். மலைகளின் அடியில் மூடுபனி தங்குவதால், இயற்கையிலும் ஒவ்வொரு மலையும் உச்சியில் அடர்ந்து அடியில் வெளிறியே தெரிகிறது. இந்தப் பூச்சு உலர்ந்த பிறகு, அடுத்த முகட்டை ஒரு படி கூடிய அடர்த்தியில் அதே முறையில் இடுங்கள். மொத்தம் மூன்று அல்லது நான்கு முகடுகள் போதும். இடைவெளிகள் சமமாக இல்லாமல், இரண்டு நெருங்கியும் ஒன்று விலகியும் இருக்கட்டும்.

உலர்ந்ததும் நீர்வண்ணம் வெளிறிவிடும் என்பதால், துண்டுத்தாளில் பூசி உலரவிட்டுப் பார்த்த பின்னரே அடுத்த முகட்டின் அடர்த்தியை முடிவுசெய்யுங்கள். நம் ஊரின் ஈரப்பதத்தில் தாள் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். வண்ணம் கரைய அவகாசம் கிடைப்பதால் மூடுபனிக்கு இது நல்லது. அடுத்த பூச்சுக்குத்தான் பொறுமை வேண்டும். பளபளப்பு மறைந்துவிட்டாலும் தாள் உலர்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. குளிர்சாதன அறையில் இந்தக் காத்திருப்பு குறையும், ஆனால் அங்கே அடிவாரத்தை ஈரமாக்கியதும் தாமதிக்காமல் வண்ணம் இட வேண்டும். ஏகாந்தத்தை வரைகிறவர் முதலில் தியானத்தில் அமர வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. கைபேசியை எடுக்காமல் ஒரு பூச்சு உலரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதே அதற்கு ஈடானது என்று நினைக்கிறேன்.

மூடுபனிக்கு வெள்ளை வண்ணத்தைப் பயன்படுத்தாதீர்கள். உலர்ந்ததும் அது சுண்ணாம்பு பூசியதாகத் தெரியும். தேவைப்பட்டால், ஈரம் பாதி அடங்கிய நிலையில் மெல்லிய கைத்தாளை மடித்து ஒற்றி எடுக்கலாம். கடைசியாக, முன்புற நிலத்தை நீர் குறைந்த அடர்ந்த வண்ணத்தில், உலர்ந்த தூரிகையால் சில இழுப்புகளில் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு புல்லையும் வரைய ஆசை வரும். அங்கே விவரம் கூடக் கூட, கண் தொலைவுக்குப் போகாமல் காலடியிலேயே தங்கிவிடும்.

முடித்த பின் எடுப்பது

படம் உலர்ந்ததும் சில நாட்கள் பார்க்காமல் வைத்திருங்கள். பிறகு, வெற்றுத்தாளின் துண்டுகளால் ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பாருங்கள். மறைத்தபின் படம் முன்பைவிட அமைதியாகத் தோன்றினால், அடுத்த முறை அந்தப் பகுதியைத் தவிர்த்து மீண்டும் வரைய வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் ஃப்ரீட்ரிக் செய்ததுபோல நீர்வண்ணத்தில் மேலே பூசி மறைக்க முடியாது. மனித உருவம் வைத்தே தீர வேண்டும் என்றால் அதற்கும் இதே சோதனை உண்டு: விரலால் உருவத்தை மறைத்த பின்னும் தனிமை குறையாவிட்டால் உருவம் தேவையற்றது, உருவத்தை மறைத்ததும் படம் வெறும் இயற்கைக் காட்சியாகச் சுருங்கிவிட்டால், மலை தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள், சிறுபடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு நிலைக்கும் இடையில், மலையின் அளவைக் கூட்டிக் காட்டுவதற்கு மட்டும் உருவம் உதவுமானால் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அதை வானத்தின் பின்னணியில் நிறுத்தாமல், மலைச்சரிவின் அடர்த்திக்குள் பாதி கரையவிடுங்கள். சிவப்பு ஆடை வேண்டாம்.

ஈர வெளியை மை ஓவியத்தில் எவ்வாறு கையாண்டிருக்கிறார்கள் என்று பார்க்க, தேசியக் கலைக்கூடத்துக்குச் செல்லுங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூடங்களில் கட்டணம் இல்லை. 1952இல் பாலித் தீவுக்குச் சென்ற நான்கு ஓவியர்களுள் ஒருவரான சென் சோங் சுவீ, சீன மைமுறையை நம் வட்டாரக் காட்சிகளுக்குப் பொருத்தியவர். அவருடைய படங்கள் காட்சிக்கு இருந்தால், எதை வரைந்திருக்கிறார் என்பதைவிடத் தாளில் எங்கெல்லாம் தொடாமல் விட்டிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தும் ஆள் நடமாட்டத்தின் அடையாளமே. சோங் அரசமரபுக் காலத்துச் சீன ஓவியர் ஃபான் குவான், இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான தம் மலைக்காட்சியில் பெயரை இலைகளுக்கு நடுவே எழுதிவைத்தார். அது 1958இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு மறைக்காவிட்டாலும், முன்புற நிலத்தின் அடர்த்திக்குள், பென்சிலால், சிறியதாக இடுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி அட்டை விளிம்பு கொடுக்கச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். சட்டமிடாத படங்களை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் தட்டையாக அடுக்கி, பொட்டலங்களை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருங்கள்.